கண்ணாடியில் மட்டும் அவள் கை

பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. என் மனைவிக்குப் பேச்சு திரும்பிவிட்டது, கால் திரும்பிவிட்டது. இடது கையில்தான் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அது போதாதென்று, அது தன் கையே இல்லை என்கிறாள். மடியில் கிடப்பது போன வருடம் இறந்துபோன அவள் அக்காவின் கையாம்.

மூளையில் அடி விழுந்தால் சிலருக்கு இப்படித் தோன்றும் என்றார் டாக்டர். பயிற்சி கொடுக்க வந்த பெண் இன்னும் கறாராகச் சொன்னாள்: தினமும் விரல்களை மடக்கி நீட்டாவிட்டால் கை அப்படியே இறுகிவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்பாது. ஆனால் நான் விரலைத் தொட்டாலே இவள் தட்டிவிடுவாள். அக்கா தூங்குகிறாளாம், எழுப்பக்கூடாதாம். போர்வையின் ஓரத்தை அந்தக் கைக்கு மட்டும் தனியாகப் போர்த்திவிடுவாள். சொல்ல வெட்கம்தான், அவள் பக்கத்தில் படுக்கவே பயந்தேன்.

எனக்கு முடிவெட்டும் தொழில். இருபது வருடமாக மனிதர்களைக் கண்ணாடியில் பார்த்தே பேசிப் பழக்கம். தெருவில் நேருக்கு நேர் வந்தால் பாதிப் பேரை அடையாளம் தெரியாது; அதனால் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர். கடை விடுமுறையன்று, தலை சீவிவிடலாமென்று அவளைக் கடைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார்த்தினேன். கழுத்தில் துணியைக் கட்டி, இரண்டு கையையும் துணிக்கு மேலே மடியில் எடுத்து வைத்தேன். தொழில் புத்தி, கண்ணாடியைக் காட்டியே கேட்டேன், அது யார் கை என்று.

"என் கைதான். வேற யாரோடது?" என்றாள்.

பிறகு குனிந்து மடியைப் பார்த்தாள். "இது அக்காவோடது." நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். "என்னோடது."

பிடரி முடி தட்டும் பிரஷ்ஷால் இடது புறங்கையில் தடவினேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கூசுகிறது என்றாள். ஊசி குத்தியும் தெரியாத கை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினேன். அவள் தடுக்கவில்லை. பத்துத் தடவை ஆனபின்தான் அவள் அழுவதைக் கவனித்தேன்.

"அப்போ அக்கா வரவே இல்லையா? நான் இன்னும் மன்னிப்பே கேக்கலையேங்க."

அவள் அக்கா படுக்கையில் கிடந்தபோது நான்கு முறை ஆள் அனுப்பினார், தங்கையைப் பார்க்கவேண்டுமென்று. இவள் போகவில்லை. போகவில்லை என்பதுகூடப் பொய்; போகவிடவில்லை என்பதே நிஜம். நான் அண்ணி என்று கூப்பிடும் அந்த அம்மாள் எப்போதோ என் தொழிலை இளக்காரமாக ஒரு வார்த்தை சொன்னதற்காக, வாசலைத் தாண்டினால் அப்படியே போய்விடு என்று இவளிடம் சொன்னவன் நான்.

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நாற்காலியைக் கண்ணாடி இல்லாத சுவர்ப்பக்கம் திருப்பினேன். அவள் மடியைப் பார்த்தாள். அழுகை நின்றது. வலது கையால் அந்தக் கையை வருடிக்கொடுத்தாள்.

எதிரே மண்டியிட்டு நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது.

"அண்ணி," என்றேன். "அவளை வரவிடாம தடுத்தது நான்தான்."