காணாமற்போன படகுக்கு ஒரு பக்கம்

ஸஜாத் கடலுக்குப் போன பதினோராம் நாள்தான் அவன் மனைவி நதீரா அந்தப் பதிவை எழுதினாள். மூன்று நாளில் திரும்பியிருக்க வேண்டிய படகு. அவனும் முஹ்ஸினுமாக இரண்டே பேர். ஜூன் மூன்றாம் திகதி சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து இறக்கினார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதியாகிவிட்டது, கடற்படைக்குச் சொல்லியாகிவிட்டது, ஊர்ப் படகுகளும் ஒரு கிழமை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டன. பேஸ்புக்கில் போட்ட படத்தை எண்ணூறு பேர் பகிர்ந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ வீட்டுக் கலியாணச் சண்டை ஒன்று வந்து அதை அடியில் தள்ளிவிட்டது.

அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு வலைப்பூ. தையல் அளவுகளை எழுதி வைக்க இரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கியது. நாளைக்கு எட்டோ பத்தோ பெண்கள் வந்து பார்ப்பார்கள். அபாயாவுக்குக் கை வெட்டும் பதிவுக்கு மேலே, 'என் உயிரே, எங்கே இருக்கிறீர்கள்?' என்று தலைப்புப் போட்டு, அழுதழுது ஒரு நீளமான பதிவை எழுதிவிட்டாள். பின்னேரம் வரைக்கும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தாள். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அதில் பாதி அவளே.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த றிபா அன்று போன் எடுத்தாள். இப்போது கல்முனையில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவள்.

"வாசிச்சன்கா. எனக்கும் அழுகை வந்திச்சி. ஆனா இத வேண்டிய ஆள் ஒருத்தரும் கண்டுபுடிக்க மாட்டாங்க."

"ஏன்?"

"நடுக்கடல்ல கப்பல்ல இரிக்கிறவன் தனியா மிதக்கிற ஒரு போட்டக் கண்டா என்னத்தத் தேடுவான்? 'என் உயிரே'ன்டா தேடுவான்? போட்டுட நிறம், நம்பர், ஊரு, போன திகதி. அதத் தலைப்பாப் போடு. தமிழ்ல ஒருக்கா, இங்கிலீசுல ஒருக்கா, சிங்களத்துல ஒருக்கா."

மறுநாள் றிபா நேரிலேயே வந்துவிட்டாள். இருவரும் தையல் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திருத்தி, படகின் நிறத்தையும் நம்பரையும் தலைப்பாக்கினார்கள். கலியாணப் படத்தை றிபா எடுக்கச் சொன்னாள். போன மாதம் ஸஜாத் படகில் நின்று எடுத்த படத்தைப் போட்டாள். சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கும்படி அதன் அளவைச் சுருக்கினாள். போன் நம்பரையும் மெயில் முகவரியையும் ஆக மேலே வைத்தாள். ஸஜாத் எவ்வளவு நல்லவன், மகளை எப்படித் தோளில் தூக்கித் திரிவான் என்று நதீரா எழுதியிருந்த வரியெல்லாம் ஒவ்வொன்றாகப் போயின.

"அது கிடக்கட்டுமே றிபா."

"பார்க்கிறவன் அரை நிமிஷம்தான் பார்ப்பான். அதுக்குள்ள அவனுக்குத் தெரியோணும்."

நதீரா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். உயரம் ஐந்தடி ஏழு. பொதுநிறம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. துணிக்கு அளவெடுக்கிறது போலப் புருஷனை அளந்து எழுத வேண்டி வந்தது.

"முஹ்ஸின்ட அடையாளம் எங்க?" என்று கேட்டாள் றிபா.

நதீராவுக்கு அது நினைவிலேயே இருக்கவில்லை.

முஹ்ஸினின் மனைவி மர்ஷூதா அடுத்த ஒழுங்கையில் இருந்தாள். படகு வராத நாளிலிருந்து அவள் நதீராவோடு கதைக்கவில்லை. இப்போதும் கதவை முழுதாகத் திறக்காமல் நின்றாள்.

"உங்கட அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். எஞ்சின் சரியில்ல, இந்தத் தடவை வேணாமென்டு இவர் சொன்னவர்."

"அடையாளம் ஒன்டு சொல்லுங்க, எழுதணும்" என்று மட்டும் கேட்டாள் நதீரா. "வலது கால்ல, கணுக்காலுக்கு மேல சுட்ட தழும்பு. சின்னதுல கொதி தண்ணி ஊத்துப்பட்டது" என்று சொல்லிவிட்டு மர்ஷூதா கதவைச் சாத்தினாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. இரண்டு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. பெருநாளுக்கு மறுநாள் பெயரில்லாத ஒருவர் பதிவின் கீழே எழுதியிருந்தார்: 'கோமாரிக் கரையில் ஒரு மையித்து ஒதுங்கியிருக்கு, போய்ப் பாருங்க.'

நதீரா செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு ஓடினாள். றிபாவும் அவளுமாக அக்கரைப்பற்றில் பஸ் மாறிக் கோமாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படி உடல் ஒன்றும் ஒதுங்கவில்லை. நேற்றும் இல்லை, முந்தநாளும் இல்லை. நதீரா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதே வரியை வீட்டில் வாசித்த மர்ஷூதா மயங்கி விழுந்திருந்தாள்; ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சேலைன் ஏற்றினார்கள்.

அன்றைக்கே றிபா அந்தக் கொமன்டை நீக்கினாள். "இனிமே நாம பார்த்து விட்டாத்தான் வெளிய தெரியும்" என்று அதற்கு வழி செய்தாள். "ஒவ்வொரு நாளும் மேல திகதி போட்டு, இன்னும் கிடைக்கல்ல என்டு எழுது. பழைய பக்கம், முடிஞ்ச கதை என்டு யாரும் நினைக்கக்கூடா."

நதீரா எழுதினாள். ஜூன் இருபது, இன்னும் கிடைக்கவில்லை. ஜூன் இருபத்தைந்து, இன்னும் கிடைக்கவில்லை. எழுத எழுத, தானே அதைத் தீர்ப்பாக எழுதிக்கொண்டிருப்பது போலிருந்தது.

ஜூலை இரண்டாம் திகதி காலையில் ஒரு மெயில் வந்தது. நிக்கோபார் பக்கத்துத் தீவொன்றில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் எழுதியிருந்தாள்.

'மீன்பிடிப் படகுக்காரங்க இங்க ஒருத்தரைக் கொண்டு வந்திருக்காங்க. ஒருத்தர்தான். பேச முடியல, தமிழ் மட்டும் புரியுது. அவர் வந்த படகோட நிறத்தைப் போட்டுத் தேடினேன், உங்க பக்கம் வந்துச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன்.'

நதீரா படத்தைத் திறந்தாள். தாடி மூடிய, தோல் உரிந்த முகம். யாராகவும் இருக்கலாம். புருவத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். தழும்பு இல்லை. உப்பில் வெந்த தோலில் மறைந்திருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகு மெயிலின் கடைசி வரியை வாசித்தாள். 'வலது கால்ல நீங்க எழுதின மாதிரியே சுட்ட தழும்பு இருக்கு.'

அந்தக் கால் தழும்பைப் பற்றி எழுதாமலே விட்டிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்த உடனேயே "அஸ்தஃபிருல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் தவிர ஊரில் வேறு எவருக்கும் இன்னும் தெரியாது. போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து அடுத்த ஒழுங்கைக்கு நடந்தாள்.

"மர்ஷூதா, உங்கட அவர் உசிரோட, ஹயாத்தோட இரிக்கார்."

மர்ஷூதா படத்தைப் பார்த்தாள். காலைப் பற்றிய வரியை வாசித்தாள். கத்திக்கொண்டே நதீராவைக் கட்டிப்பிடித்தாள். பிறகுதான் கேட்டாள்: "ஸஜாத் காக்கா?"

"ஒராள்தான் என்டு எழுதியிரிக்கி."

இரண்டு நாள் கழித்து முஹ்ஸினின் குரல் போனில் வந்தது. மர்ஷூதா அதை நதீராவிடமே கொண்டுவந்து கொடுத்தாள். எஞ்சினைத் திருத்தப்போய் ஸஜாத்தின் கை அதன் சுழலும் பட்டியில் அகப்பட்டதாம். கை வீங்கிக் காய்ச்சல் பிடித்ததாம். மழைத் தண்ணீரில் முதல் வாய் ஸஜாத்துக்குத்தான் கொடுத்தேன் என்று இரண்டு தரம் சொன்னான்.

"எந்த நாள்?" என்று கேட்டாள் நதீரா. புருஷன் மௌத்தானால் பெண் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவுக்கு நாள் எண்ண வேண்டும்.

"வெள்ளிக்கிழமை மதினி. இருபத்தியொன்டு. பலகையில கீறி வெச்சிருந்தன். கடல்ல விட முன்ன நான் தனியத்தான் தொழுவிச்சன். ஒரு ஆள்தான் நின்டன்."

பக்கத்தில் போடவேண்டியதைத் தான் எழுதித்தருவதாக றிபா சொன்னாள். நதீரா விடவில்லை. முஹ்ஸின் கிடைத்ததை முதல் வரியிலும், ஸஜாத் மௌத்தான நாளை இரண்டாம் வரியிலும் எழுதினாள். றிபா நீக்கிய வரிகளில் ஒன்றை, மகளைத் தோளில் தூக்கித் திரிவான் என்பதை, மூன்றாவதாகச் சேர்த்தாள்.

"பக்கத்த எடுத்துருவமா?" என்று கேட்டாள் றிபா.

"வேணாம். அவர அடக்கின கபுறும் இல்ல."

மிச்ச இத்தா நாட்கள் முழுக்க மர்ஷூதாதான் காலையில் வந்து மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். இருவரும் அதிகம் கதைத்துக்கொள்ளவில்லை.