பிரீமியம் போட்டால் அடங்கிவிடும்

கையில் கிரீஸ் இருக்கும்போது காதுக்காரர் போனைத் தொடமாட்டார். அன்றும் பேரிங் மாற்றி முடித்து, மண்ணெண்ணெயில் கை கழுவி, விரல் விரலாகத் துடைத்த பிறகுதான் எடுத்தார். மகளின் குரல்பதிவு வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

“அப்பா, மலையடிவாரத்துக்கு வந்துட்டோம். இங்க பங்க்ல டேங்க்க நிரப்பியாச்சு. நீங்க சொன்ன பிரீமியம் பெட்ரோல் இங்க கிடையாதாம், சாதாதான். ஒரு நாள் சாதா குடிச்சா வண்டி ஒண்ணும் செத்துடாதுன்னு இவரு சொல்றாரு. மேல போய்ட்டு கூப்புடறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

பின்னால் மருமகன் சிரிப்பதும் கேட்டது.

காதுக்காரர் உடனே மகளைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. வேறு கம்பெனி சிம் வைத்திருந்த மருமகனைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஹெல்மெட்டுக்குள் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது?

நாற்பது வருடப் பட்டறை அது. வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிவரச் சொல்லிவிட்டு, வாசலில் கண்ணை மூடி நின்று, எது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படித்தான் காதுக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தப் பட்டறைக்கு ஒரு பேச்சு உண்டு: இங்கே மூடிய எஞ்சினை இன்னொரு தடவை திறந்ததில்லை. மகளைப் பெண் கேட்டு வந்த சம்பந்தி, முதலில் சொன்னதே அந்தப் பேச்சைத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் மருமகனின் வண்டி சூடேறி, எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்துபோயிருந்தது. மற்ற மெக்கானிக்குகள் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, அளவு பார்த்து இழைத்து வாங்குவார்கள். காதுக்காரர் அனுப்பமாட்டார். கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, ஹெட்டைக் கவிழ்த்து, மினுமினுப்பு ஒரே சீராக வரும்வரை கையாலேயே தேய்ப்பார். அளவு கையில் இருக்கிறது என்பார். அன்று சம்பந்தி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“உங்க கைக்குள்ளயே மெஷின் ஓடுது போல, சம்பந்தி!”

அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் கொஞ்சம் தேய்த்தார். அதற்குமேல் இன்னும் கொஞ்சம். தேய்ந்தது அதிகம் என்று விரலுக்குத் தெரிந்தது. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தகட்டைத் தடித்ததாக வைத்து அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கலாம். வைக்கவில்லை. எஞ்சினை மூடி, மேம்பால ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது கேட்டது. தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். ஹெட் தேய்ந்து உள்ளே இடம் குறுகியதால் அழுத்தம் கூடி, பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்கிறது. வேறு யாருக்காவது அது வெறும் சத்தம். அவருக்கு அது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டியதுபோல இருந்தது.

மறுபடி திறந்தால் அரைநாள் வேலை. ஆனால் பட்டறை வாசலில் சம்பந்தியும் மருமகனும் காத்துக்கொண்டிருந்தார்கள். நேராகப் பங்க்குக்குப் போய், டேங்க்கை வடித்துவிட்டு பிரீமியம் நிரப்பினார். அது சீக்கிரத்தில் வெடிக்காத சரக்கு. சத்தம் அடங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிவந்தார்.

“இனிமே இந்த வண்டிக்கு பிரீமியம்தான், மாப்பிள்ளை.”

மருமகன் கணக்கு வாத்தியார். எதையும் கேட்காமல் விடமாட்டான். “எங்க ஸ்டாஃப் ரூம்ல இதப் பத்தி ஒரு சண்டையே நடந்துச்சு மாமா. இந்த மாதிரி வண்டிக்கு அது வெட்டிச் செலவாம். சாதாவே போதும்னு கம்பெனிக்காரனே புக்குல போட்டிருக்கான்.”

அவன் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. ரேஸ் ஓட்டுகிறவன் போடுவதை நீ ஏன் போடுகிறாய் என்று காதுக்காரரே எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறார். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

“புக்கு எழுதினவன் என் கை பட்ட எஞ்சினப் பாத்துட்டா எழுதினான்?”

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்திதான் அதிகமாகச் சிரித்தார்.

இப்போது அந்த எஞ்சின் சாதா பெட்ரோலில், இரண்டு பேரையும் இரண்டு பெட்டியையும் சுமந்து மலையேறிக்கொண்டிருக்கிறது. மருமகனுக்கு மலைப் பள்ளிக்கு மாற்றல். கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த பிஸ்டனைக் காதுக்காரர் ஒருமுறை கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். அப்படி ஆகி எஞ்சின் சுழலாமல் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே இறுகிவிடும். அந்த ரோட்டில் ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமே கிடையாது.

நடுவழியில் ஒரு செக்போஸ்ட் உண்டு. அடிவாரத்திலிருந்து முக்கால் மணி நேரம். அங்கேதான் சம்பந்தி மேலதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றார். போன் போட்டால் அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். காதுக்காரர் பட்டறையைப் பூட்டக்கூட இல்லை. சம்பந்தி வீடு மூன்று தெரு தள்ளி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி அந்தத் தெருக்காரர்கள் பார்த்ததில்லை.

“வாங்க சம்பந்தி! என்ன, நாய் துரத்துதா?”

“செக்போஸ்ட் நம்பர் இருக்கா? பிள்ளைங்க வண்டிய அங்க நிறுத்தச் சொல்லணும்.”

“எதுக்கு?”

“பெட்டி கட்டின கயிறு லூசா இருக்கும்னு தோணுது.” பொய் தானாக வந்தது.

சம்பந்தி சிரித்தார். “கயித்துக்காக எவனும் நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டான். முப்பது வருஷம் அங்க குப்பை கொட்டினவன் சொல்றேன். நாலு வண்டியில ஒண்ணத்தான் பாப்பானுங்க. நம்ம பையனே அவுத்துக் கட்டிக்குவான், உக்காருங்க.”

காதுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மிஞ்சிப்போனால் ஏழெட்டு நிமிடம்.

“கயிறு இல்ல. எஞ்சின். ஹெட்ட நான் அதிகமாத் தேய்ச்சுட்டேன். சாதா பெட்ரோல்ல ஏத்தம் ஏறினா பிஸ்டன் போயிடும். சக்கரம் லாக் ஆயிடும்.”

“அன்னிக்கு நல்லாத்தான ஓடிச்சு?”

“பிரீமியம் போட்டு சத்தத்த அடக்கினேன். உங்க முன்னாடி திறக்க மனசு வரல.”

சம்பந்தியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. செக்போஸ்ட் எண்ணைப் போட்டு, போனை நீட்டினார்.

“நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா உங்க மேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்.”

மறுமுனையில் ஒரு காவலாளி. வண்டியின் எண்ணையும் நிறத்தையும் சொன்னார் காதுக்காரர்.

“எதுக்குங்க நிறுத்தணும்? திருட்டு வண்டியா?”

“இல்லங்க. எஞ்சின் வேலைய ஒருத்தன் தப்பாப் பண்ணிட்டான். உசுருக்கு ஆபத்து.”

“எந்தப் பய பண்ணினது?”

“நான்தாங்க. வண்டியில போறது என் மக.”

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பூட்ஸ் ஓடியது. பிறகு லாரிகளின் ஹாரன், யாரோ இருமுவது, காற்று. காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் அந்தச் சந்தடியில் எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒருவேளை முன்பே தாண்டிப் போயிருப்பார்கள். ஒருவேளை அதுவரைக்கும் வரவே இல்லையோ. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். சம்பந்தி அவரைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு மருமகனின் குரல். “மாமா? என்னாச்சு? எங்க அப்பாவுக்கு ஏதாவது…”

“அவரு பக்கத்துலதான் நல்லா இருக்காரு. மாப்பிள்ளை, வண்டிய இனிமே எடுக்காதீங்க.” என்ன செய்தார், எதற்காக மறைத்தார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அடிவாரத்துலேர்ந்தே சத்தம் வந்துச்சு மாமா. நிறுத்துங்கன்னு அவ பத்து தடவ சொன்னா. நான்தான், உங்க அப்பா பாத்த எஞ்சின், ஒண்ணும் ஆகாதுன்னு முறுக்கிக்கிட்டு வந்தேன்.”

“அவகிட்ட குடுங்க.”

ஏதோ கிசுகிசுத்தார்கள். “அவ அப்புறம் பேசறாளாம்.”

“சரி.”

“வண்டிய லாரியில ஏத்தி மேல கொண்டுபோறேன். அங்க ஒரு பட்டறை இருக்காம். உங்ககிட்ட திருப்பி அனுப்பல மாமா.”

“அங்கயே குடுங்க. பிரிக்கும்போது நான் நிக்கணும். எவ்வளவு தேய்ச்சேன்னு அவனுக்கு நான்தான் சொல்லணும். இப்பவே பஸ் ஏறுறேன்.”

மறுமுனையில் மருமகன் ரிசீவரை வைத்தான்.

போனைத் திருப்பிக் கொடுத்தார். சம்பந்தி அதை வாங்கி, திரையில் படிந்திருந்த வியர்வையை வேட்டி நுனியால் துடைத்தார்.

“அந்தப் பட்டறைக்காரன் சும்மா விடமாட்டான். நாலு பேர் முன்னாடி கேப்பான்.”

“கேக்கட்டும்.”

“ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு,” என்றார் சம்பந்தி. வழக்கமாக வாசல்வரை வருகிறவர், அன்று நாற்காலியிலிருந்து எழவில்லை.

காதுக்காரர் பட்டறைக்குத் திரும்பினார். தடித்த கேஸ்கெட் இரண்டை அலமாரியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். சட்டை மாற்றிக்கொள்ள நேரமில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.