பெயர்ப்பலகை இல்லாத கொட்டகை

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகச் சந்தையில் உர்மாஸுக்கும் மாலேக்கும் ஒதுக்கிய கொட்டகையின் வாசலில் 'கிழக்கு ஐரோப்பா' என்று பலகை தொங்கியது. அதைப் பார்த்ததும் உர்மாஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டான்.

"எஸ்தோனியா எப்படிக் கிழக்காகும்? நாம வடக்கு. பலகைய மாத்தட்டும், இல்லேன்னா வண்டியத் திருப்பு மாலே."

மாலேக்குத் திசை ஒரு பொருட்டில்லை. அவள் புளிக்கவைத்துச் சுட்ட கறுப்பு ரொட்டி வண்டி நிறைய இருந்தது. வேற்றூர்க்காரர் ஒருவராவது அதைக் கடித்துப் பார்ப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். வாதாட அவளுக்கு வராது.

"ரொட்டி ஆறிடும்" என்றாள்.

"அது ஆறின ரொட்டிதானே!"

சந்தையை நடத்தும் ஹென்னிங் ஓடிவந்தான். "சார், நாங்க எப்பவும் இப்படித்தான் பிரிப்போம்."

"நாங்க எங்க இருக்கோம்னு நீங்க யாருப்பா சொல்றதுக்கு?"

"அப்படிக் கேளுங்க அண்ணே!" என்றான் பக்கத்து மேசையில் சாராயம் விற்கும் செக் நாட்டு வோய்டா. "எங்க பிராக், வியன்னாவுக்கே மேற்கால இருக்கு. என்னையும் இதுக்குள்ள தள்ளிட்டாங்க."

கறித்துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ருமேனியாக்காரி தொய்னா சிரித்தாள். "போன சந்தையில எங்களுக்கு 'பால்கன்'னு எழுதி வச்சாங்க. பால்கன் மலை பல்கேரியாவுல கிடக்கு."

தேன் விற்கும் ஸ்லோவேனியர், தாம் ஆல்ப்ஸ்காரர் என்றார்.

"அப்ப இங்க கிழக்கு ஐரோப்பாக்காரங்க ஒருத்தர்கூட இல்லையா?" என்றாள் தொய்னா.

ஹென்னிங் தலையைச் சொறிந்தான். பிறகு அவனே ஏணி கொண்டுவந்தான்.

பலகை இறங்கியது. அதைத் திருப்பி, வெறும் பக்கம் தெரிய மாட்டினார்கள். எதை எழுதுவது என்பதில் சண்டை தொடங்கியது. உர்மாஸ் ஏணியில் ஏறி 'வடக்கு' என்று சாக்கட்டியால் எழுத, "கடலே இல்லாத நான் வடக்கா?" என்று வோய்டா அழிக்கச் சொன்னான். 'நடு' என்று எழுதியதும் தொய்னா கூடாதென்று கரண்டியை ஆட்டினாள்.

அதற்குள் தூறல் விழுந்தது. ஜனங்கள் உள்ளே ஒதுங்கினார்கள். மாலே சத்தமில்லாமல் பெட்டியைப் பிரித்து மேசையில் அடுக்கினாள்.

குடையோடு வந்த ஓர் அம்மாள் அவளிடம், "இது எந்தக் கொட்டகைம்மா?" என்றாள்.

மாலே வாசலைப் பார்த்தாள். பலகையில் பாதி அழித்த எழுத்துகள். ஒரு துண்டு ரொட்டி வெட்டி, வெண்ணெய் தடவி, மேலே உப்பு மீன் வைத்து நீட்டினாள்.

அந்த அம்மாள் முதலில் முகம் சுளித்தாள். மெதுவாக மென்றாள். அப்புறம் குடையை மடக்கிவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

மாலே இந்த முறை தடிமனாக வெட்டினாள். அந்த அம்மாளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது.

"மாலே, நீயே சொல்லு! என்ன எழுதட்டும்?" ஏணியிலிருந்து உர்மாஸ் கத்தினான்.

"இறங்கி வா. ரொட்டி வெட்டணும், ஆளுங்க நிக்கிறாங்க."

அவன் வரிசையைப் பார்த்தான். சாக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.