டைனமோ சுற்றியவன்

பிரான்சிலிருந்து வந்திருந்த கிறிஸ்ரோபர் கைக்குட்டையை மேசையில் விரித்து அதன்மேல் ஊசியை வைத்தான். பாட்டுப்பெட்டிக்குப் போடுகிற ஊசி, நகத்துணுக்கு அளவுதான் இருந்தது. அதற்கென்று பாரிசில் ஒரு கடை இருக்கிறதாம். பெட்டியின் படத்தைக் காட்டியதும் கடைக்காரன் அசந்துபோனானாம். தம்பி எமில்ராஜுக்கு இந்தக் கதை இந்தக் கிழமை முழுக்கக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைக்காரன் முதல்நாள் நிமிர்ந்து உட்கார்ந்தான், நேற்று எழுந்து நின்றான், இன்று தொப்பியையும் கழற்றிவிட்டான்.

"போடுறதெண்டால் போடண்ணை. கடைக்காரனை விட்டிட்டு."

"பொறடா. உந்த இசைத்தட்டு என்ன சாமான் எண்டு உனக்குத் தெரியாது. எழுபதுகளின்ரை கடைசி, டிஸ்கோ. இன்ரநெற் முழுக்கத் தேடிப் பாத்திட்டன், உலகத்திலை ஒருத்தனிட்டையும் இல்லை."

"எனக்குத் தெரியாதோ? இவ்வளவு காலமும் என்ரை மெத்தைக்குக் கீழைதானே கிடந்தது."

"ஓம், நானும் அதுக்கு மேலைதான் கிடந்தனான்" என்று குசினிக்குள்ளிருந்து எமிலின் மனைவி றொசாந்தி சொன்னாள். "என்ரை நாரி நோவைத்தான் முதல்லை பிரான்சிலை டொக்டரிட்டைக் காட்ட வேணும்."

அக்கா பெர்னடெட் சிரித்தாள். பூசை முடிந்து கொழும்புத்துறையிலிருந்த தம்பி வீட்டுக்கு நேராக வந்திருந்தாள், கோயில் சேலை இன்னும் கசங்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவள் இன்று நடுக்கதிரையில் புதுப்பெண் போல உட்கார்ந்திருந்தது எமிலுக்கு எரிச்சலாக இருந்தது. அவனுக்கு இப்போது எல்லாமே எரிச்சல்தான். ஐஸ் கொம்பனியில் பார்த்த இரவு வேலையை ஒருநாள் பாதியில் விட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்காத ஆள் இல்லை. அவனிடம் காரணம் இல்லை என்பதை நம்பின ஆளும் இல்லை.

தட்டின் உறையில் வெள்ளிக் காற்சட்டை போட்ட நாலு பேர், இடியப்பப் பானை மாதிரியான ஒரு விண்கலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இறங்குகிறவன் கையில் ஒரு வாத்து. வாத்து எதற்கு என்பது இன்றுவரை தெரியாது. எழுத்து எந்த மொழி என்பதும் தெரியாது. பங்குச் சாமியாரிடம் காட்டியபோது கிரேக்கம் என்றார், அடுத்த கிழமை கிரேக்கம் இல்லை என்றார். கப்பலில் வேலை செய்த மாமா எந்தத் துறைமுகத்தில் வாங்கினாரோ, சொல்லாமலே செத்துப்போனார். தொண்ணூற்றோராம் ஆண்டு அவருடைய றங்குப்பெட்டி இவர்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளே சூட்கேஸ் போல மூடித் திறக்கிற இந்தப் பாட்டுப்பெட்டியும் இந்த ஒரேயொரு தட்டும் இருந்தன.

அப்போது சண்டைக்காலம், யாழ்ப்பாணத்தில் கறன்ட் இல்லை. பற்றறி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டுக்கொண்டிருந்தது ஊர். பக்கத்து வீட்டு றேடியோ திருத்துகிறவர் அதே மாதிரி இந்தப் பெட்டிக்கும் ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். சங்கிலிச் சத்தம் பாட்டைக் கெடுக்கிறது என்று அப்பாவின் சைக்கிளை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் முருங்கைக்குக் கீழே வைத்தார்கள். வயர் யன்னல் வழியாக அறைக்குள் போனது. யார் சுற்றுவது என்பதில் பேச்சே எழவில்லை. கிறிஸ்ரோபர் மீசை அரும்பிய ஆள், பெர்னடெட் பெண்பிள்ளை, எமில் சின்னவன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அறை நிறைந்துவிடும். ஒழுங்கையில் இருக்கிற பெண்பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். யாரோ விறகு பிளப்பது போல ஒரு மேளம், அதற்கு மேலே விசில், பிறகு ஒரு ஆணின் குரல். ஆழமான, களைத்துப்போன குரல், தூக்கிவந்த மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி. நடுவில் ஓரிடத்தில் அவன் விம்முவான். பெர்னடெட் கற்பனையில் அவனுக்குத் தாடி வைத்தாள். தாடிக்காரனுக்கு என்ன துக்கம் என்பது பற்றி அந்த அறையில் நடந்த ஆராய்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. இதெல்லாம் எமிலுக்குப் பிறகு சொல்லித்தான் தெரியும். அவன் கேட்டது சங்கிலியின் கிறீச்சும் டைனமோவின் ரீங்காரமும்தான். பாட்டு முடிந்தாலும் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். "முடிஞ்சுதோ?" என்று கத்துவான். உள்ளே தாடிக்காரனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவன் சுற்றிக்கொண்டே இருப்பான்.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகூட இல்லை. அலுமாரிக்குக் கீழே தட்டு கிடந்தது. பெட்டி கிணற்றடியில் கிடந்தது, ஊசி இல்லை. அதை எடுத்துத் துடைத்து வைத்தவன் எமில். அண்ணன் வெளிநாடு போனான், அக்கா கலியாணம் கட்டிப் போனாள், இரண்டும் அவனிடமே இருந்தன. ஒருமுறை கதிரையில் இருந்து முழுதாக அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

கிறிஸ்ரோபர் ஊசியைப் பொருத்தி, புதுப் பற்றறிகளைப் போட்டுத் தட்டைச் சுழல விட்டான். எமில் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தான்.

மேளம் துள்ளிக்கொண்டு வந்தது. விறகு பிளக்கிற மேளம் இல்லை, சின்னப்பிள்ளை படியில் ஓடி இறங்குகிற மேளம். விசில். பிறகு ஒரு பெண் பாடினாள். மெல்லிய, குறும்புக் குரல். விம்ம வேண்டிய இடம் வந்தபோது அவள் களுக்கென்று சிரித்தாள். பின்னால் எங்கேயோ உண்மையாகவே ஒரு வாத்து கத்தியது. எமிலுக்கு வாய் தானாக விரிந்தது. இப்படியொரு பைத்தியக்காரப் பாட்டா? எந்த ஊரில், எவர் கூடி, என்ன குடித்துவிட்டு இதைச் செய்தார்கள்? அவனுக்குப் பிடித்துவிட்டது.

"நிப்பாட்டு." பெர்னடெட் எழுந்துவிட்டாள். "ஆர் உவள்?"

"அக்கா, இரு, முடியட்டும்."

"உது அந்தப் பாட்டில்லை. தாடிக்காரன் எங்கை?"

கிறிஸ்ரோபர் ஊசியைத் தூக்கிவிட்டான். அவன் முகமும் செத்துப்போயிருந்தது. கொஞ்சநேரம் தட்டையே பார்த்தவன் பிறகு தொடையில் தட்டினான். "டைனமோ! நாங்கள் கேட்டது சைக்கிள் வேகம். வேகமில்லாமல் ஆறுதலாச் சுத்தினதாலை பொம்பிளைக் குரல் ஆம்பிளைக் குரலாப் போச்சு."

"அப்ப தாடிக்காரன் எண்டு ஒருத்தன் இல்லையோ?" என்றாள் பெர்னடெட்.

"இருந்தவன். சைக்கிளிலை இருந்தவன். எமில், அப்பான்ரை சைக்கிள் கிடக்குதெல்லே? டைனமோ வேலை செய்யுதோ?"

அந்தச் சைக்கிளில்தான் எமில் இரவு வேலைக்குப் போய்வந்தான். டைனமோ வேலை செய்யும். பழைய வயர்கூட பெட்டியின் அடியில் சுருண்டு கிடந்தது. அண்ணன் அடுத்து என்ன கேட்கப்போகிறான் என்பது தெரிந்ததும் எமிலுக்குக் காது சூடேறியது.

"ஒருக்காச் சுத்தன்ரா. உன்ரை கைக்குத்தான் அந்த வேகம் தெரியும்."

"ஏலாது."

"ஒரு பாட்டுத்தானே."

"ஒரு பாட்டுத்தானே எண்டுதான் அண்டைக்கும் சொன்னனீங்கள்."

"வேலை வெட்டி இல்லாமல் சும்மாதானேடா இருக்கிறாய்" என்றாள் பெர்னடெட்.

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது.

எமில் அக்காவைப் பார்த்தான். கோபத்தைவிட அலுப்புத்தான் வந்தது. "நான் இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை, அக்கா. ஒருநாளும் இல்லை. இப்பதான் கொஞ்சம் கேட்டன், அதையும் நிப்பாட்டிப்போட்டியள்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? நீயும் எங்களோடைதானே இருந்தனி."

"நான் எங்கை இருந்தனான்?"

பெர்னடெட் அறையின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் யன்னலைப் பார்த்தாள்.

"சுத்த வேணுமெண்டால் நீ சுத்தண்ணை" என்றான் எமில். "நான் இந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்."

கிறிஸ்ரோபர் சிரிக்கப் பார்த்தான். தம்பி சிரிக்கவில்லை. பிறகு பற்றறிகளைக் கழற்றி, வயரைப் பெட்டியில் மாட்டி யன்னலால் வெளியே விட்டுவிட்டு, வெள்ளைச் சப்பாத்தோடு பின்பக்கம் போனான். சைக்கிளைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. "எங்கையடா இதை மாட்டுறது?" என்றான். எமில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான். "கறுப்பை இரும்பிலை. மற்றதை டைனமோவிலை."

பெர்னடெட் ஊசியைத் தட்டில் வைத்தாள். முதலில் பாட்டு அணில் போலக் கீச்சிட்டது. "ஆறுதலா!" என்று எமில் கத்தினான். பிறகு செத்துவிடும்போல இழுத்தது. "உவ்வளவு ஆறுதலாயில்லை!" வெளியே கிறிஸ்ரோபர் ஏதோ பிரெஞ்சில் திட்டினான். கை களைக்கக் களைக்க வேகம் தானாக இறங்கி, ஒரே சீராக நிலைத்தது. பெண்ணின் குரல் தடித்தது, இருண்டது, தாடிக்காரன் வந்து சேர்ந்தான். பெர்னடெட் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். அவன் மூட்டையை இறக்கி வைத்தான். விம்மினான். அது சிரிப்பு என்று எமிலுக்கு இப்போது தெரியும், ஆனாலும் விம்மல்தான். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

பாட்டு முடிந்தது. ஊசி தட்டின் நடுவுக்குப் போய் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

"கேக்குதே?" என்று பின்பக்கமிருந்து அண்ணனின் குரல் மூச்சிரைத்தது. "முடிஞ்சுதோ?"

பெர்னடெட் எமிலைப் பார்த்தாள். எமில் கதிரையில் நன்றாகச் சாய்ந்து கால்களை நீட்டினான். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த சிவப்பு வட்டம், வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளோடு, ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் சுற்றிக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே சங்கிலி கிறீச்சிட்டது.