வெள்ளிக்கிழமை உப்பு

"வீட்டுல எத்தினி பேரு, யாரு யாரு ஒரு நாளைக்கு எத்தினி தடவ குளிக்கிறீங்க?" என்று சிதம்பரத்துக் கடையில் பிரிசில்லா கேட்டபோது, வினோதினியின் கணவன் அருள்முருகன் நூற்று இருபத்தெட்டு கிலோ எடை இருந்தான். அதில் ஐம்பத்தாறு கிலோ சுண்ணாம்பு. மீதிதான் அவன். 2009ஆம் வருடம், மாசி மாதம். கேள்வி சாதாரணமானதுதான், தண்ணீரை மிருதுவாக்கும் மிஷின் விற்கிறவர்கள் எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனால் வினோதினி கடையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டாள். மூன்று பேர் என்றாள். தானும் மாமியாரும் ஒரு தடவை என்றாள். அவர் மூன்று தடவை என்று சொல்லும்போது தலை குனிந்துகொண்டாள், ஏதோ குடிகாரனைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர்கள் 2004 ஆவணியில் கல்யாணம் செய்து, மறுவருடம் குடிகாடு கிராமத்துக்கு இந்தப் பக்கம் வீடு கட்டிப் போர் போட்டார்கள். நூற்று அறுபதடியில் தண்ணீர் வந்தது. கண்ணாடிபோல இருந்ததால் போர் போட்டவர்கள்கூட ஒரு கை அள்ளி முகம் கழுவிக்கொண்டு போனார்கள். பிறகு சோப்பு நுரைக்கவில்லை. பருப்பு வேகவில்லை. ஷவரின் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைத்து, கடைசியில் ஒரே ஓட்டையில் மட்டும் குழந்தை மூத்திரம் போவதுபோல வந்தது. அடுத்து மனிதர்கள்மேல் படிய ஆரம்பித்தது. மாமியார் மங்கலத்தின் காதுக்குப் பின்னால் முதலில் தெரிந்தது, பவுடர் என்று நினைத்தார்கள். சனிக்கிழமைதோறும் புளியைக் கரைத்து ஒருவருக்கொருவர் முதுகில் தேய்த்து, தேங்காய் நாரால் சுரண்டி, விழுந்ததை முறத்தில் கூட்டி எருக்குழியில் கொட்டினார்கள். பெண்கள் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. அருள்முருகன் ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தான். உடம்பில் ஏறிய வாடை போக வேலைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சாப்பிடும் முன் ஒன்று என்று குளித்தான். புளியால் அவனோடு போட்டி போட முடியவில்லை.

2007இல் வலது காது மூடிக்கொண்டது. 2008இல் விரல்கள் மடங்க மறுத்தன. கட்டில் ஒரு காலை உடைத்துக்கொண்டதும் கடப்பாக்கல் போட்டுக் கொடுத்தார்கள். ஷேர் ஆட்டோவில் அவனுக்கு மூன்று சீட். தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் பக்கத்துத் தண்ணீர் அப்படித்தான் என்றார்கள். அவனோடு வேலை பார்த்த தங்கராசு மட்டும், "மச்சான், உன்ன இடிச்சா அளவா ஒரு பாத்ரூம் கட்டலாம்டா" என்பான். அருள்முருகன் சிரித்தால் கன்னத்தில் விரிசல் விழும் என்பதால் சிரிக்க மாட்டான். வினோதினிக்கு உறுத்தியது எடையல்ல. அவன் மார்பில் காதை வைத்தால் துடிப்பு கேட்கும், பக்கத்து வீட்டில் யாரோ அம்மி கொத்துவதுபோல. மாதாமாதம் அந்த வீடு தள்ளித் தள்ளிப் போனது. கேட்காமல் போவதற்குள் அவனை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு.

முதலில் அவனே மஞ்சக்குப்பம் பொருட்காட்சியில் ஒரு காந்தம் வாங்கி வந்தான். குழாயில் கட்டினால் தண்ணீர் தானாக மிருதுவாகிவிடும் என்று மைக்கில் சொன்னார்களாம். நான்கு மாதத்தில் வினோதினியின் கொண்டை ஊசிகள் எல்லாம் குழாயில் போய் ஒட்டியிருந்தன. தண்ணீர் மாறவில்லை. அதன்பிறகுதான் அவள் ஒரு பாட்டில் தண்ணீரைப் பையில் வைத்துக்கொண்டு, அம்மா தில்லையம்மாளைப் பார்க்கப் போகிற சாக்கில் சிதம்பரம் பஸ் ஏறினாள்.

பிரிசில்லா அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகைப் பொடி போட்டாள், ரோஜா நிறமானது. அது நீலமாகும்வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், எத்தனை சொட்டோ அத்தனை கடினம். நல்ல தண்ணீருக்கு இரண்டு, மோசமானதற்குப் பன்னிரண்டு. இந்தத் தண்ணீருக்கு நாற்பத்தாறு சொட்டு ஆனது, கடைக்கு வேறு வேலையாக வந்தவர்களும் நின்று சேர்ந்து எண்ணினார்கள். சின்ன மிஷின் தாங்காது என்று பிரிசில்லா இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டியைக் காட்டினாள். உள்ளே கடுகளவு மஞ்சள் மணிகள். மணிகள் தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு தங்களிடமுள்ள உப்பைக் கொடுக்கும். வாரம் ஒருமுறை கல்லுப்பைக் கரைத்து விட்டால் சுண்ணாம்பைச் சாக்கடையில் விட்டுவிட்டு மறுபடி உப்பை ஏற்றிக்கொள்ளும். சமையல் குழாயை இதில் சேர்க்க வேண்டாம் என்றாள். "ஒண்ணே ஒண்ணுக்கா. வாரம் தவறாம உப்பு போட்ருங்க. போடலன்னா அது வேற எங்கனா எடுத்துக்கும்." விற்கிறவர்கள் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்று என்று வினோதினி தலையாட்டிக்கொண்டாள்.

புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் வெள்ளிக்கிழமைதான் வர வேண்டும் என்பது மங்கலத்தின் கண்டிப்பு. அப்படியே வெள்ளிக்கிழமை மிஷினை மாட்டினார்கள். அதனால் வாரம் திரும்பும் நாளும் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. வினோதினி ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஒரு தையல் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள், கைப்பிடியைத் திருப்பி உப்பு விடும் வேலை மாமியாருக்கு வந்தது. மங்கலம் ஒருநாளும் மறக்கவில்லை.

மிஷின் நன்றாகவே ஓடியது. சோப்பு பொங்கிப் பொங்கி வந்தது, கழுவினாலும் வழுக்கியது. அருள்முருகன் குளிக்கும்போது பாளம் பாளமாக விழுந்தது. ஆடியில் விரல் மடங்கியது. ஐப்பசியில் காதிலிருந்து ஒரு சங்கு அளவுக்கு விழ, அவன் முதல் முதலாக, "மழ பெய்யிதா?" என்று கேட்டான். பெய்துகொண்டுதான் இருந்தது. தை மாதம் எழுபத்திரண்டு கிலோவுக்கு வந்து நின்றான். வினோதினி மார்பில் காதை வைத்தாள், கன்னத்தில் இடித்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் இருந்திருக்கும். மாங்காய் ஊறுகாய் சப்பென்று ஆனது. கருவாடு மரத்தூள் மாதிரி இருந்தது. எவ்வளவு உப்பு போட்டாலும் குழம்பில் நிற்கவில்லை. 2010 புரட்டாசியில் தில்லையம்மாள் இறந்தபோது வினோதினி சிதம்பரத்தில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழ முயன்றாள். கண்ணில் எதுவும் வரவில்லை. "பெத்தவ கெடக்கறா, கண்ணுல ஒரு சொட்டு இல்ல பாரு" என்று பெரியம்மா மகள் அவள் காதில் விழும்படியே சொன்னாள். பக்கத்தில் அருள்முருகன் நின்றிருந்தான். கல்யாணத்தன்று எப்படி நின்றானோ அதே முகம். மூன்று தடவை குளிக்கிறவன் என்பதால் அவனிடமிருந்துதான் அதிகம் போயிருந்தது. எதற்கும் சரி என்றான். அணைத்துக்கொள்ளச் சொன்னால் அணைத்தான், விடச் சொன்னால் விட்டான். கம்பெனியில் அவனுக்கு வர வேண்டிய இடத்தில் நேற்று வந்தவனை உட்கார வைத்தார்கள். தங்கராசு பொறுக்க முடியாமல், "நீ சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியா?" என்று கத்தினான். "போட்டுத்தான் துன்றேன் மச்சான். எங்க போவுதுன்னுதான் தெரியல" என்றான் அருள்முருகன், உள்ளதை உள்ளபடி.

சாமி அறையின் திரைக்குப் பின்னால் பதினேழு ஜாடி கல்லுப்பை வினோதினி கண்டுபிடித்தது அந்தக் கார்த்திகையில், விளக்கு துலக்கும்போது.

"இன்னா அத்த இது?"

"மகாலச்சுமிம்மா அது. வெள்ளிக்கெழம அதுவுமா சாக்கடையில கரைச்சு வுடச் சொல்றியே, இந்த வூடு வெளங்குமா? நான் வெறும் தண்ணிதான் வுட்டேன். மிஷினு நல்லாத்தான ஓடுது?" என்றாள் மங்கலம். ஒரு கல் உப்பைக்கூட அவள் வீணாக்கியிருக்கவில்லை.

பிரிசில்லா பஸ் பிடித்து வந்தாள். ஒரு மூட்டை உப்பு முழுவதையும் கரைத்து விட்டுப் பார்த்தாள், அப்படியே வெளியே வந்தது. "கடை உப்ப தொட மாட்டேங்குதுக்கா. மனுச உப்புக்குப் பழகிடுச்சு. மணிய மாத்தித் தரேன், ஆனா தொட்டி மறக்காது. வேற மிஷின் வச்சாலும் இந்தக் குழாய் அதுக்குச் சொல்லிக் குடுத்துரும்."

"நிறுத்திட்டா?"

"நிறுத்துனா உப்பு உங்ககிட்டயே தங்கும். சுண்ணாம்பும் பழையபடி படியும். எது தேவலன்னு நீங்கதான் சொல்லணும்."

வினோதினி ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நிறுத்தப் போவாள், மிஷின் வால்வில் கை வைப்பாள், அந்தத் துடிப்பு மறுபடி பக்கத்து வீட்டுக்குப் போவதை நினைத்துக் கையை எடுத்துவிடுவாள்.

2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் அடித்தது. கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கரண்ட் போனது, மோட்டார் இல்லை, மிஷினும் இல்லை. தெருமுனை அடிபம்பில் வரிசையில் நின்று குளித்தார்கள், அதே நாற்பத்தாறு சொட்டுத் தண்ணீர். ஆறாம் நாள் அருள்முருகனின் முழங்கையில் வெள்ளைக் கோடு தெரிந்தது. ஒன்பதாம் நாள் அக்கா செல்லாயியைப் பார்க்கக் காடாம்புலியூர் போனான். அவளுடைய முந்திரித் தோப்பு வேரோடு படுத்திருந்தது, பலா மரங்கள் பிஞ்சோடு கிடந்தன. மத்தியானம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தான். அழுதான். தெரு திரும்பிப் பார்க்கும்படி அழுதான். வினோதினி அவன் தாடையிலிருந்து ஒரு சொட்டை விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. அவளுக்கும் வந்தது, அம்மா செத்து ஒரு வருடம் மூன்று மாதம் கழித்து. மங்கலம் என்ன ஏது என்று கேட்க வந்தவள் கூடவே உட்கார்ந்து அழுதாள். அன்று மாலை அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, கம்பெனியில் தன் இடத்தில் உட்கார்ந்தவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். வினோதினி அதைக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மார்பில் காதை வைத்தாள். ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது.

இருபதாம் நாள் காலையில் கரண்ட் வந்தது. மோட்டார் செருமிக்கொண்டு ஓடியது, தொட்டி நிறைந்தது, மிஷினுக்குள் மணிகள் கலகலத்தன. வினோதினி வால்வுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு திறந்தாள். ஒரு பக்கெட் பிடித்து, வெந்நீர் கலந்து, கையை விட்டுச் சூடு பார்த்தாள். விரல்களுக்கு நடுவே பட்டுபோல வழிந்தது.

"ஏங்க, தண்ணி வந்துருச்சு. குளிக்க வாங்க."

அருள்முருகன் வந்து பக்கெட்டைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான், சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டான், கேட்டைத் திறந்து அடிபம்புப் பக்கம் நடந்தான்.