காளை திரும்பும் பக்கம்

பொங்கல் நெருங்கும் நேரத்தில், ஜல்லிக்கட்டுக் காளையை அளந்துகொள்ள வேண்டும் என்று ஒருவன் டேப்போடு வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கார்த்திகாவுக்கு வந்தது. அவளுடைய கரியனை எந்த வாடிவாசலிலும் ஒருத்தனும் பிடித்ததில்லை. போன வருஷம் அதைப் பிடிக்கப் பாய்ந்து மண்ணைக் கவ்விய மாடுபிடிக்காரன் முத்துராஜ், அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிவிட்டுப் போயிருந்தான்.

வந்தவன் ஆவூர்ச் சிற்பி ஜெபக்குமார். சிமென்டில் மாதாவும் செய்வான், ஐயனார் குதிரையும் செய்வான்.

“ஒரு காளை சிலை செய்யணுங்க. ஒங்க மாட்டப் பாத்துச் செஞ்சா சரியா இருக்கும்னாங்க.”

“யாரு சொன்னா?”

அவன் கரியனை ஒரு பார்வை பார்த்தான். “தெரிஞ்சவங்கதாங்க” என்று பேச்சை விழுங்கிவிட்டான்.

முத்துராஜ் அனுப்பிய ஆள்தான் என்று கார்த்திகா அப்போதே முடிவு கட்டினாள். வீட்டுக்கு வந்தவனை விரட்டினால் ஊர் ஏசும். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கரியன் தலையை ஆட்டவே முடியாதபடி கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, போலீஸ்காரி மாதிரி பக்கத்திலேயே நின்றாள்.

அளந்து, வரைந்து எல்லாம் முடிந்த பிறகு அவன் கேட்டான்:

“ஆளைப் பாத்தா எந்தப் பக்கங்க தலையைத் திருப்பும்?”

பிடித்துவிட்டாள்! மாடுபிடிக்காரனுக்குத்தானே அது வேண்டும்?

“சிலைக்கு எதுக்கு அது?”

“நேரா நிக்க வச்சா உயிர் இருக்காதுங்க.”

“இடது பக்கம்” என்றாள், கண்ணிமைக்காமல். கரியன் கன்றிலிருந்தே வலப்பக்கம்தான் திரும்பும்.

பொங்கலுக்கு முத்துராஜ் அந்தப் பக்கமே வரவில்லை. கரியன் யார் கைக்கும் சிக்கவில்லை. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று கார்த்திகா பூரித்துப்போனாள்.

மாசியில் கீரனூர்ப் பக்கத்திலிருந்து இருளாயி பெரியம்மாவின் மகன் சொல்லிவிட்ட அழைப்பு வந்தது. கரியனைக் கன்றாக வளர்த்துக் கொடுத்தவள் அவள்தான். அதே தாய்ப்பசுவின் மூத்த கன்றைத் தனக்கென்று வைத்திருந்தாள். அந்தக் காளை கார்த்திகையில் செத்துப்போனது. புதைத்த இடத்தில் சிலை வைக்க, சிங்கப்பூரில் இருக்கும் மகன் ரத்தினவேல் அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருந்தான்.

சிலைக்குப் பக்கத்தில் ஜெபக்குமாரைக் கண்டதும் கார்த்திகாவுக்குப் பகீரென்றது. உயிரோடு இருக்கும் காளை முன்னால் செத்த காளையின் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்திருந்தால் அவளே அவனைத் திட்டித் தீர்த்திருப்பாள். அதற்காகத்தான் அவன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டான்.

துணியை விலக்கினார்கள். அதே திமில், அதே கொம்பு. கூட்டம் குலவையிட்டது. இருளாயி மாலையோடு ஓடிப்போய், தீனி வைக்க எப்போதும் நிற்கும் வலப்பக்கத்தில் நின்றாள். சிலையின் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

“நான் நிக்கிற பக்கந்தானடா எப்பவும் திரும்புவ?” என்றாள் இருளாயி. “இப்ப ஏன்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்ட? ஆத்தா மேல என்ன கோவம்?”

ஜெபக்குமார் கூட்டத்துக்குள் கார்த்திகாவைத் தேடிப் பார்த்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ஏன் என்று கேட்பார்களே என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.