ஒன்பதாம் மாடிப் படிக்கட்டு

இருபத்தாறு வருஷம் தெருமுனையில் பஞ்சர் கடை நடத்தியவளை எல்லோரும் பஞ்சர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தெருவை இடித்து அடுக்குமாடி கட்டியபோது பழைய குடித்தனக்காரர்களுக்குச் சில வீடுகள் ஒதுக்கினார்கள். அவளுக்குப் பதினாலாவது மாடி. ஜன்னல் திறக்காது. லாரி ஹாரன் இல்லை, சாக்கடை நாற்றம் இல்லை, குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனைத் தாண்டிப் போக வேண்டியதும் இல்லை.

"இனிமே நிம்மதியா இரும்மா" என்றான் மகன். அந்த நிம்மதியில் அவளுக்கு மூச்சு முட்டியது.

அன்று மத்தியானம் லிஃப்ட் பழுது. மகன் வேலைக்குப் போயிருந்தான். கீழே போய் நாலு முகத்தைப் பார்க்கலாமென்று படியில் இறங்கினாள். ஒன்பதாம் மாடியில் முழங்கால் மக்கர் பண்ணியது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. படிக்கட்டுப் பக்கமிருந்து கதவைத் திறக்கக் கார்டு வேண்டும். அவள் கார்டுக்கு அவள் மாடிக் கதவு மட்டும்தான் திறக்கும். தட்டினாள், கத்தினாள். அந்தத் தெருவில் ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தாலே என்னாச்சு என்று பத்துப் பேர் வந்து நிற்பார்கள். இங்கே அரைமணி நேரமாகியும் ஒரு ஈ காக்கை இல்லை.

கடைசியில் கதவு திறந்தது. வந்து நின்றவள் மாவுமில்காரி. பழைய தெருவில் பக்கத்துக் கடைதான், ஆனால் பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"யாருடா கத்துறதுன்னு பாத்தேன். நீதானா?" என்று வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"உன் கார்டு எங்க?"

"உள்ள, மேசை மேல."

"நல்லா காப்பாத்த வந்தே, போ!"

ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே படியில் உட்கார்ந்தார்கள்.

"உன் கம்ப்ரெசர் சத்தத்துலதான் என் காதே போச்சு."

"உன் மாவு பறந்து வந்து, என் கடைக்கு வந்தவனெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி திரும்பிப் போனான்."

"டியூப் முக்குன தண்ணியை என் வாசல்லதானே ஊத்துவே?"

"ஆமா, வேணும்னேதான் ஊத்தினேன்!"

மாவுமில்காரி இடுப்பில் கை வைத்து எழுந்தே விட்டாள். பஞ்சர் அக்காவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இந்தக் கட்டடத்துக்கு வந்து எட்டு மாதம். ஒருவரும் அவளைத் திட்டியதில்லை. திட்டுகிற அளவுக்கு அவளை ஒருவருக்கும் தெரியாது.

கத்திக் களைத்ததும் மாவுமில்காரி மறுபடி உட்கார்ந்தாள். "இங்க தரையெல்லாம் வழுக்குதுடி. நடக்கவே பயமா இருக்கு" என்றாள் மெதுவாக.

படிக்கட்டில் ஒரே சத்தம் என்று மூன்று வீடுகளிலிருந்து புகார் போன பிறகுதான் காவலாளி வந்து திறந்துவிட்டான்.

மறுநாள் லிஃப்ட் சரியானதும் பஞ்சர் அக்கா ஒன்பதை அழுத்தினாள். எரியவில்லை. அவள் கார்டுக்குப் பதினாலும் தரைத்தளமும் மட்டும்தான். கீழே இறங்கி வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வேறொரு காவலாளி வந்தான். "இங்க ரொம்ப நேரம் உக்காரக் கூடாதும்மா. யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"மாவுமில்காரிக்காக."

"வீட்டு நம்பர்?"

"நம்பர் யாருக்குத் தெரியும்? மாவுமில்காரின்னா தெருவுக்கே தெரியும்."

"எந்தத் தெரு?"

"இதுதான்" என்று காலடியில் பளபளத்த தரையைக் காட்டினாள்.

அவன் சிரித்தான். பதமாகக் கையைப் பிடித்து எழுப்பி, லிஃப்டுக்குள் நிற்க வைத்து, அவள் கார்டை வாங்கிக் காட்டிப் பதினாலை அழுத்திவிட்டான்.